எரிபொருள் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வட கோடியில், தஞ்சாவூர் மாவட்ட எல்லையை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த மீன்பிடி ஊர் கட்டுமாவடி. எஞ்சினுக்குள் கரி எப்படிப் படிகிறது என்று அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இப்படிப்பட்ட ஓர் ஊரைத்தான். இங்கே மூன்று வகை எஞ்சின்கள் மூன்று விதமாக உழைக்கின்றன. கடலுக்குப் போகும் படகின் டீசல் எஞ்சின் மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஒரே சுமையில் ஓடுகிறது. மீன் ஏற்ற வந்த சிறு வேன், ஐஸ் பெட்டிகள் ஏறி முடியும்வரை அணைக்கப்படாமல் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கிறது. பிறகு கடைக்குக் கடை நின்று நின்று போகிறது. வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் கார் பக்கத்து ஊர் வரை போய், எஞ்சின் சரியாகச் சூடேறும் முன்பே அணைந்துவிடுகிறது. மூன்றும் எரிப்பது கார்பன் அடங்கிய எரிபொருளைத்தான். ஆனால் மூன்றிலும் கரி ஒரே இடத்தில் படிவதில்லை, ஒரே காரணத்தால் படிவதுமில்லை. அப்படியிருக்க, மூன்றுக்கும் ஒரே புட்டியை நீட்டும் வியாபாரம் எப்படிச் சரியாகும்? வீட்டிலேயே எஞ்சின் கரியைச் சுத்தம் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டுமானால், கரி எங்கே இருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். எதை ஊற்றுவது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

அளவிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 640 கிராம் கார்பன் இருக்கிறது. அது முழுதாக எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் 10,000 கி.மீ. போனால் ஏறக்குறைய 670 லிட்டர் பெட்ரோல் செலவாகும். அதாவது 400 கிலோவுக்கும் அதிகமான கார்பன் எஞ்சின் வழியாகக் கடந்துபோகிறது. இவ்வளவு கார்பன் போன பாதையில் தங்கிவிடும் கரியோ கிராம் கணக்கில்தான் இருக்கும். எஞ்சின் தன் வேலையை எவ்வளவு திறமையாகச் செய்கிறது என்பதற்கு இதுவே சான்று. அந்தச் சில கிராம் தொல்லை தருவதற்குக் காரணம் அதன் எடை இல்லை, அது உட்காரும் இடம். இன்ஜெக்டரின் நுண்துளையில் மெல்லிய பூச்சு ஏறினாலும் பெட்ரோல் தூவப்படும் விதம் கெட்டுவிடும். உள்ளிழு வால்வின் முதுகில் கரி தடித்தால் காற்று நுழையும் வழி குறுகும். பஞ்சு போன்ற அந்தப் படிவு பெட்ரோலை உறிஞ்சி வைத்துக்கொண்டு, காலையில் எஞ்சினை எழுப்பும்போது திணற வைக்கும். பிஸ்டன் தலையில் படிந்தால் வெப்பம் வெளியேறாது. உள்ளே இருக்கும் இடமும் குறையும். சுமை ஏறும்போது எஞ்சின் தட்டும் சத்தம் கேட்கும்.

இந்தக் கரி சுத்தமான கார்பன் என்று நினைக்கக் கூடாது. எரியாத எரிபொருளின் பிசின், ஆவியாகி வந்த எஞ்சின் ஆயில், புகையின் நுண்துகள், ஆயிலில் சேர்த்த கால்சியம், துத்தநாகம் போன்றவற்றின் சாம்பல் எல்லாம் சேர்ந்த கலவை அது. பழகிய தோசைக்கல்லில் எண்ணெய் சூட்டில் இறுகிக் கறுப்புப் பூச்சாக மாறுவதும், வால்வில் ஆயில் படலம் இறுகுவதும் வேதியியலில் ஒரே வகை நிகழ்வுதான். எண்ணெய் மூலக்கூறுகள் சூட்டிலும் ஆக்சிஜனிலும் ஒன்றோடொன்று பின்னிப் பெரிய மூலக்கூறுகளாகி, பிறகு கரைக்க முடியாத அளவுக்குக் கெட்டிப்படுகின்றன. சிலிண்டருக்குள் தீச்சுடரின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனால் சுவரோ தண்ணீரால் குளிர்விக்கப்பட்டுச் சுடரைவிடப் பன்மடங்கு குளிர்ந்திருக்கிறது. அந்தச் சுவரை நெருங்கும் இடத்தில் சுடர் அணைகிறது. எரியாத மிச்சம் அங்கே ஒட்டுகிறது. படிந்த கரி தானாக எரிந்துபோகச் சுமார் 600 டிகிரி வேண்டும். உள்ளிழு வால்வின் முதுகு பொதுவாக 200 முதல் 300 டிகிரி வரைதான் சூடாகிறது. ஆயிலைக் கரியாக்க அந்தச் சூடு போதும். கரியை எரித்துத் தள்ளப் போதாது. கரிப் பிரச்சினையின் இயற்பியல் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் அடங்கியிருக்கிறது.

இந்தக் கரி புதிய நோயுமில்லை. கார்புரேட்டர் காலத்துக் கார்களில் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது வழக்கமான பராமரிப்பு வேலைகளில் ஒன்றாக இருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்தே எரிந்ததால் சைலன்சர் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி நெருப்பில் சுட்டுத் தட்டி எடுத்தார்கள். கட்டுமாவடிக் கரையோரத்தில் இன்றும் அந்த நேரடி முறை உயிரோடு இருக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அருகிலுள்ள கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் பழுது பார்க்கப்படுவதும் எஞ்சின் வேலை நடப்பதும் அப்போதுதான். ஹெட்டைக் கழற்றினால் கரி கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது. கழற்றாமலே, மூடிய எஞ்சினுக்குள் ஒரு திரவத்தை அனுப்பிச் சுத்தம் செய்யலாம் என்ற நம்பிக்கை இதற்குப் பிறகு வந்தது. அந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் உறுதியான அறிவியல் அடிப்படையும் இருந்தது.

1980களில் கார்புரேட்டரை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் நுழைவாயிலிலும் ஓர் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தூவும் முறை உலகெங்கும் பரவியது. உடனே ஒரு தொல்லையும் தலைகாட்டியது. எஞ்சினை அணைத்த பிறகு காற்றும் எரிபொருளும் ஓடாததால் இன்ஜெக்டர் நுனி சற்று நேரம் மேலும் சூடாகிறது. அங்கே தங்கிய ஒரு துளி பெட்ரோல் அந்தச் சூட்டில் வெந்து பிசினாகிறது. ஓடி, நின்று, ஓடி, நிற்கும் வண்டிக்கு இது ஒரு நாளில் பலமுறை நடக்கும். இதற்கு மாற்றாகப் பெட்ரோலிலேயே அழுக்ககற்றும் வேதிப்பொருள்களைக் கலந்தார்கள். அவற்றில் பாலிஈதர் அமின் என்ற வகை சூட்டைத் தாங்கி, இன்ஜெக்டரோடு வால்வையும் எரியறையையும்கூட ஓரளவு சுத்தம் செய்யக்கூடியது. அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் இத்தகைய பொருள் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. ஆகவே டேங்கில் ஊற்றும் க்ளீனர்கள் எல்லாமே ஏமாற்று என்று சொல்வது தவறு. அவை வேலை செய்ததற்குக் காரணம் ஒரு பாதைதான்: இன்ஜெக்டர் தூவிய பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டுதான் சிலிண்டருக்குள் போனது, அதில் கலந்த மருந்தும் அதே வழியில் போய்க் கரியைத் தொட்டது.

அந்தப் பாதை மாறியதும் கதை மாறிவிட்டது. இன்று இந்தியாவில் விற்கும் பல டர்போ பெட்ரோல் கார்களில், ஃபோக்ஸ்வேகனின் டி.எஸ்.ஐ., ஹூண்டாயின் டர்போ ஜி.டி.ஐ., மகிந்திராவின் எம்ஸ்டாலியன் டி.ஜி.டி.ஐ. போன்ற எஞ்சின்களில், பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்ச்சப்படுகிறது. உள்ளிழு வால்வு வழியாக வருவது காற்று மட்டுமே. அதோடு எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து திருப்பி அனுப்பப்படும் ஆயில் ஆவியும் வருகிறது. ஆயில் வந்து படிகிறது. கழுவ ஒரு துளி பெட்ரோலும் வருவதில்லை. இந்தக் காரின் டேங்கில் எவ்வளவு விலை உயர்ந்த க்ளீனரை ஊற்றினாலும் அது இன்ஜெக்டர் நுனியைத் தொடும், எரியறையைத் தொடும். வால்வின் முதுகைத் தொடவே தொடாது. இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை; எரிபொருளின் பாதையைத் தாளில் வரைந்தாலே தெரியும். எரிபொருள் போகாத இடத்துக்கு எரிபொருளில் கலந்த மருந்தும் போகாது. ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்று வால்வுக்கு முன்னால் பெட்ரோல் தூவும் கார்களில் பயன் தரும் அதே புட்டி, நேரடிப் பாய்ச்சல் காரின் வால்வுக் கரிக்குப் பயன்படாமல் போவது இதனால்தான்.

மீன் வேனின் டீசல் எஞ்சினுக்கும் இதே விதி பொருந்தும். டீசலும் நேராகச் சிலிண்டருக்குள்தான் பாய்கிறது. டீசல் வண்டிகளில் நைட்ரஜன் ஆக்சைடு மாசைக் குறைப்பதற்காகப் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடியும் காற்றுக் குழாய்க்குள் திருப்புகிறார்கள், இ.ஜி.ஆர். என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். திரும்பி வரும் புகையின் கரித்துகளும், எஞ்சினிலிருந்து வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து காற்றுக் குழாயின் உட்சுவரில் தார் போல அப்பிக்கொள்கின்றன. வண்டி வெகுநேரம் வெற்று ஓட்டத்தில் நின்றால் சிலிண்டர் சூடு குறைகிறது, எரிதல் அரைகுறையாகிறது, துகள் பெருகுகிறது. படகில் பொருத்தப்படும் பழைய வகை டீசல் எஞ்சினில் இந்தத் திருப்பு ஏற்பாடு கிடையாது. சுமையோடு ஓடும் நேரமும் அதிகம். அதனால் கரி அங்கே சேரும் இடமும் விதமும் வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதியால் எரிபொருளின் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. காற்றுக்கு அது பெரிய நன்மை. ஆனால் காற்றுக் குழாயில் தார் படியும் வழியை அது அடைக்கவில்லை; டீசல் டேங்கில் ஊற்றும் எந்தத் திரவமும் அந்தக் குழாயை எட்டுவதுமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். புட்டியை ஊற்றிய பிறகு பிக்கப் கூடியது, மைலேஜ் ஏறியது என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்களே? அவர்களில் சிலர் சொல்வது முழு உண்மை. வால்வுக்கு முன் தூவும் எஞ்சினில் இன்ஜெக்டர் உண்மையிலேயே அழுக்காக இருந்திருந்தால் மாற்றம் தெரியத்தான் செய்யும். ஆனால் மைலேஜை மாற்றும் காரணங்கள் வேறு பல இருக்கின்றன. டயர் காற்று, சுமை, ஏசி, எதிர்க்காற்று, ஓட்டும் விதம் எல்லாமே அதைக் கூட்டும், குறைக்கும். சுத்தம் செய்துவிட்டோம் என்று நம்புகிறவர் வண்டியைக் கொஞ்சம் நிதானமாகவும் ஓட்டுவார். ஒரே டேங்க் கணக்கை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. பல டேங்குகளின் சராசரியை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் எழுதி வைத்து ஒப்பிட வேண்டும். காற்றுக் குழாயில் திரவத்தை உறிஞ்ச விட்டு, சைலன்சர் வழியாக வெள்ளைப் புகை மூட்டமாக வருவதைக் காட்டி, வெளியே போவதெல்லாம் கரி என்று சொல்கிறவர்களும் உண்டு. புகையில் பெரும்பகுதி ஊற்றிய திரவமே ஆவியாகி, அரைகுறையாக எரிந்து வருவதுதான். கரி போயிற்றா என்பதை வால்வை நேரில் பார்த்தால்தான் அறிய முடியும். கேமரா பொருத்திய மெல்லிய குழாயைப் பிளக் துளை வழியாகவோ காற்று வழியாகவோ விட்டு, முன்னும் பின்னும் படம் எடுப்பதே சான்று.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. தண்ணீர் கரியைக் கழற்றும் என்கிறார்கள், அது பொய்யா? பொய் இல்லை. ஹெட் கேஸ்கட் கசிந்து குளிர்விக்கும் நீர் ஒரு சிலிண்டருக்குள் போன எஞ்சினைத் திறந்தால், அந்த ஒரு பிஸ்டனின் தலை மட்டும் கழுவியது போலப் பளிச்சென்று இருப்பதை மெக்கானிக்குகள் நன்கு அறிவார்கள். நீர் திடீரென ஆவியாகிக் கரியைப் பெயர்க்கிறது. ஆனால் இந்தச் சான்று சொல்வது இன்னொன்றும் உண்டு: சுத்தமானது எரியறை. நேரடிப் பாய்ச்சல் எஞ்சினில் தொல்லை தரும் கரி பெரும்பாலும் இருப்பது வால்வின் முதுகில். அங்கே இந்த வேகமும் வெப்பமும் கிடைப்பதில்லை. அதோடு நீரை நசுக்க முடியாது. மூடுபனி போல அளந்து அனுப்ப வேண்டிய நீரை ஓடும் எஞ்சினின் ஹோஸில் கையால் ஊற்றினால், ஒரு சிலிண்டரில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடலாம். மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். கனெக்டிங் ராடு வளையும். சில கிராம் கரிக்காக எஞ்சினையே இழக்கும் இந்தப் பேரத்தை வீட்டில் யாரும் செய்யக் கூடாது.

ஹைட்ரஜன் எந்திரத்தைக் காற்றுக் குழாயில் இணைத்து, எஞ்சினை வெற்று ஓட்டத்தில் விட்டுக் கரியை அகற்றுவதாகச் சொல்லும் சேவையையும் இதே அளவுகோலால் அளக்கலாம். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்துக் கிடைக்கும் வாயு வால்வைக் கடக்கும்போது குளிர்ந்த வாயுவாகத்தான் கடக்கிறது. அது எரிவது சிலிண்டருக்குள் போன பிறகு. வால்வின் முதுகு சுடருக்கு முன்னால் இருக்கிறது. அங்கே கரியை எரிக்க வேண்டிய 600 டிகிரி சூட்டை இந்த வாயு எப்படித் தரும் என்பதற்கு விடை வேண்டும். அப்படியானால் நெடுஞ்சாலையில் நன்றாக விரட்டி ஓட்டினால் கரி போய்விடும் என்ற பழைய அறிவுரை? அதில் பாதி உண்மை இருக்கிறது. பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரியைத் தாண்டினால் தன் மேல் படிந்த கரியைத் தானே எரிக்கத் தொடங்கும். எரியறையின் மென்மையான படிவும் ஓரளவு குறையும். டீசல் வண்டியின் புகை வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளவும் சீரான நெடும் ஓட்டம் தேவை. எஞ்சினை முழுதாகச் சூடாக்கி, சட்டப்படியான வேகத்தில், ஒரு கியர் குறைத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டுவது செலவில்லாத நல்ல மருந்து. வால்வு முதுகின் கெட்டிக் கரி மட்டும் இதற்கும் அசையாது.

அப்படியானால் வீட்டில் செய்யக்கூடியது என்ன? கைக்கும் கண்ணுக்கும் எட்டுவதைச் செய்யலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நலம்; உலர்ந்த கறுப்பு, பெட்ரோல் அதிகமாகவோ சூடு குறைவாகவோ எரிவதைக் காட்டும்; ஈரமான எண்ணெய்க் கறுப்பு, ஆயில் மேலேறுவதைக் காட்டும். உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படியும் கரியை எஞ்சினை அணைத்து, அதற்கென்றே விற்கும் க்ளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். மின்னணு முறையில் இயங்கும் அதன் தகட்டை விரலால் பலவந்தமாகத் திறக்கக் கூடாது. காற்றை அளக்கும் சென்சாருக்கு அதற்குரிய தனிக் க்ளீனரைத் தவிர வேறெதையும் அடிக்கக் கூடாது. வால்வுக்கு முன் தூவும் பெட்ரோல் கார் என்றால், பாலிஈதர் அமின் உள்ள க்ளீனரைச் சொன்ன அளவில் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கலாம். செய்யக் கூடாதவற்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். இன்றைய கார் எஞ்சின்களில் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். பிளக் துளை வழியாக மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊறவைத்தால் அது கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். மிச்சம் மேலே தங்கினால் தண்ணீர் செய்யும் அதே சேதத்தைச் செய்யும். ஓடும் எஞ்சினில் அளவில்லாமல் கரைப்பான் அடித்தால் எரியாதது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். பெயர்ந்த கரிக்கட்டி டர்போவின் இறக்கையில் மோதும். நேரடிப் பாய்ச்சல் எஞ்சினின் வால்வை, காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்வதே நம்பகமான வழி. அது பட்டறை வேலை. இ.ஜி.ஆர். குழாயைக் கழற்றிக் கழுவுவதும் அப்படியே.

பட்டறைக்குக் கொடுக்க எல்லோரிடமும் பணம் இருக்கிறதா என்று கேட்கலாம். மீன் வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு ஒரு நாள் வண்டி நின்றாலே நஷ்டம் என்பது உண்மை. அந்தக் காரணத்தினாலேயே மலிவான காரியங்களை முதலில் செய்ய வேண்டும் என்பது என் வாதம். கடலோர மணல் காற்றில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் டீசல் கரும்புகை விடும். திறந்தபடியே நின்றுபோன தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடேற விடாது. ஆயில் ஆவியைத் திருப்பும் வால்வு கெட்டால் ஆயில் காற்றோடு போகும். தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் ஆயில் இல்லாவிட்டாலும் அதை உரிய காலத்தில் மாற்றாவிட்டாலும் படிவு கூடும். இவை ஒவ்வொன்றும் வால்வுச் சுத்தத்தைவிடக் குறைந்த செலவில் தீர்பவை. காரணத்தை விட்டுவிட்டுக் கரியை மட்டும் அகற்றினால் அது திரும்ப வந்துவிடும். ஐஸ் ஏற்றும் நேரத்தில் எஞ்சினை அணைத்து வைப்பதற்குச் செலவே கிடையாது, டீசலும் மிச்சம்.

ஆகவே அடுத்த முறை யாராவது எஞ்சின் கரிக்கு ஒரு புட்டியை நீட்டினால், வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: என் வண்டியில் எரிபொருள் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது? என் வண்டியின் கரி எந்த இடத்தில் இருக்கிறது? இரண்டு இடமும் ஒரே பாதையில் இருந்தால் புட்டியை முயன்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை ஏர் ஃபில்டருக்கும் நல்ல ஆயிலுக்கும் செலவிடுங்கள்.